மூடிய கேமுக்கு ரசிகர்கள் உயிர் கொடுத்தால் குற்றமா? 'பிரைவேட் சர்வர்'களைத் துரத்தும் சட்டச் சிக்கல்

2016 ஏப்ரல் 10. பிரான்சைச் சேர்ந்த சில தன்னார்வலர்கள் நடத்திவந்த 'நாஸ்டால்ரியஸ்' என்ற ஆன்லைன் கேம் சர்வர் அன்றோடு அணைக்கப்பட்டது. அதில் கணக்கு வைத்திருந்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர். தொடர்ந்து விளையாடி வந்தவர்கள் மட்டும் ஒன்றரை லட்சம். மாதக்கணக்கில் தூக்கம் தொலைத்து வளர்த்த கதாபாத்திரங்களோடு கடைசி நிமிடம்வரை சர்வருக்குள்ளேயே காத்திருந்தவர்கள், திரை இருண்டதும் வெளியே வந்தார்கள்.

சர்வர் பழுதாகவில்லை, பணமும் தீரவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அவர்கள் நடத்தியது 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமின் பழைய வடிவம். 2004-ல் வெளியான இந்த கேமை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனம் வருடத்துக்கு வருடம் அதைப் புதுப்பித்துக்கொண்டே போனது. தொடக்க கால வடிவத்தை விளையாட அதிகாரப்பூர்வ வழியே இல்லாமல் போனது. அந்த இடைவெளியை ரசிகர்கள் நிரப்பினார்கள். நிரப்பியதுதான் பிரச்னை.

சர்வர் போனால் ஏன் கேமே போகிறது?

வீட்டில் செட்-டாப் பாக்ஸ் இருக்கிறது. கேபிள் ஆபரேட்டர் சிக்னலை நிறுத்திவிட்டால் அது வெறும் டப்பா. ஆன்லைன் கேமும் அப்படித்தான். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது படம், இசை, வரைபடம் எல்லாம் அடங்கிய ஒரு பாதி மட்டும். உங்கள் கதாபாத்திரம் எங்கே நிற்கிறது, எதிரிக்கு எவ்வளவு பலம், யாரிடம் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதையெல்லாம் முடிவு செய்யும் மறுபாதி, நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அந்தப் பாதியை நிறுவனம் யாருக்கும் விற்பதில்லை.

நிறுவனம் சர்வரை மூடியதும் ரசிகர்களில் விவரம் தெரிந்த சிலர் வேலையை ஆரம்பிப்பார்கள். கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையே போய்வந்த தகவல்களைப் பதிவு செய்து, 'இந்தக் கேள்விக்கு சர்வர் இந்தப் பதில் சொல்கிறது' என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அதே மாதிரி பதில் சொல்லும் புது புரோகிராமைத் தாங்களே எழுதுவார்கள். இதற்கு வருடங்கள் பிடிக்கும். இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. நிறுவனத்தின் அசல் சோர்ஸ் கோடு எங்கிருந்தாவது கசிந்து கையில் கிடைப்பது. வெளியே இருந்து பார்க்கும் விளையாட்டு வீரருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நீதிமன்றத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

'நாங்களே எழுதினோம்' என்றால் தப்பிக்கலாமா?

பெரும்பாலான ரசிகர்கள் நம்புவது இதைத்தான். 'அவர்கள் கோடை நாங்கள் காப்பி அடிக்கவில்லையே, பிறகென்ன குற்றம்?' இந்த வாதம் அமெரிக்காவில் 20 வருடங்களுக்கு முன்பே சோதிக்கப்பட்டு, தோற்றும் போய்விட்டது.

1998-ல் 'பிநெட்-டி' என்ற திட்டம் தொடங்கியது. டயாப்லோ, ஸ்டார்கிராஃப்ட் போன்ற கேம்களை வாங்கியவர்கள் இணையத்தில் சேர்ந்து விளையாட பிளிஸார்ட் 'பேட்டில்.நெட்' என்ற இலவச சேவையை நடத்திவந்தது. அது அடிக்கடி முடங்கியது, ஏமாற்றுக்காரர்கள் தொல்லை வேறு. சலித்துப்போன தன்னார்வலர்கள் அதேபோல் இயங்கும் சர்வரைத் தாங்களே எழுதி, இலவசமாகக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. அசல் சர்வர் கோடு அவர்கள் கையில் இருக்கவும் இல்லை.

வழக்கு 2002-ல் தொடங்கியது. 2005-ல் அமெரிக்காவின் 8-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளிஸார்ட் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டு காரணங்கள்.

முதலாவது, கேமை இன்ஸ்டால் செய்யும்போது எல்லோரும் படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று தட்டுகிறோமே, அந்த ஒப்பந்தம். ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்யக்கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. சட்டம் பொதுவாக அனுமதிக்கிற ஒன்றையே ஒப்பந்தம் மூலம் நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள், அது செல்லும் என்றது நீதிமன்றம்.

இரண்டாவதுதான் முக்கியமான ஓட்டை. பேட்டில்.நெட் ஒவ்வொரு கேம் சிடியின் சாவி எண்ணையும் சரிபார்த்துத்தான் உள்ளே விடும். பிநெட்-டி சர்வரால் அதைச் செய்ய முடியாது. சரிபார்க்கும் முறை பிளிஸார்டிடம் மட்டுமே இருந்தது. விளைவு, திருட்டு சிடி வைத்திருந்தவர்களும் தாராளமாக உள்ளே வந்தார்கள். டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத் தடை செய்யும் டிஎம்சிஏ என்ற 1998-ம் ஆண்டு சட்டத்தின்படி இது குற்றம் என்று முடிவானது. வெவ்வேறு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் ஆய்வுக்கு அந்தச் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதுவும் இவர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

பூட்டின் சாவியைத் தர மறுத்தவரே 'பூட்டைச் சரியாகத் திறக்கவில்லை' என்று வழக்குப் போட்டு ஜெயித்த கதைதான் இது. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். இன்றுவரை ரசிகர் சர்வர்கள் மீது பாயும் ஒவ்வொரு நோட்டீஸின் பின்னாலும் இதன் நிழல் இருக்கிறது.

4,27,393 பேர், தலைக்கு 200 டாலர்

சட்டம் கடிக்கும் என்பது தெரிந்ததே. எவ்வளவு ஆழமாகக் கடிக்கும் என்பது 2010-ல்தான் எல்லோருக்கும் புரிந்தது.

'ஸ்கேப்கேமிங்' என்ற பெயரில் வார்கிராஃப்ட் சர்வர்கள் நடத்திய பெண்மணி மீது பிளிஸார்ட் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு வழக்கை நடத்தாததால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்தது. தொகை 8 கோடியே 85 லட்சம் டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 400 கோடி ரூபாய்!

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். அவர் சம்பாதித்ததாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது சுமார் 30.5 லட்சம் டாலர். அது திரும்பக் கொடுக்க வேண்டிய பணம். மீதி 8 கோடியே 54 லட்சம் டாலர் எங்கிருந்து வந்தது? டிஎம்சிஏ சட்டப்படி ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தபட்ச இழப்பீடு 200 டாலர், அதிகபட்சம் 2,500 டாலர். சர்வரில் இருந்த பயனர்கள் 4,27,393 பேர். தலைக்கு 200 டாலர் என்று பெருக்கினார்கள். அதாவது சட்டத்தில் இருந்த மிகக் குறைந்த விகிதத்தைப் போட்டே இவ்வளவு.

சர்வர் எவ்வளவு பிரபலமோ, அபராதமும் அவ்வளவு பெரிது. ரசிகர் சர்வர் நடத்துபவர் பெருமையாக முகப்பில் போட்டுக்கொள்ளும் 'இத்தனை லட்சம் உறுப்பினர்கள்' என்ற எண், வழக்கு வந்தால் அப்படியே அபராதக் கணக்கின் முதல் வரியாகிவிடும். 2012-ல் 'மேப்பிள்ஸ்டோரி' கேமின் பிரைவேட் சர்வர் ஒன்றுக்கு எதிராக நெக்ஸான் நிறுவனம் வாங்கிய சுமார் 36 லட்சம் டாலர் தீர்ப்பிலும் இதே பெருக்கல்தான்.

டொனேஷன் வாங்கினால் என்ன ஆகும்?

சர்வருக்கு மாத வாடகை உண்டு. அதை யாராவது கட்டித்தான் ஆகவேண்டும். அதனால் நன்கொடை கேட்பார்கள். இதுவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. '10 டாலர் கொடுத்தால் ஒரு பறக்கும் குதிரை' என்று ஆரம்பிக்கும் இடத்தில்தான் நன்கொடை வியாபாரமாக மாறுகிறது. ஸ்கேப்கேமிங் வழக்கில் திரும்பக் கேட்கப்பட்ட 30.5 லட்சமும் இப்படி வந்த பணம்தான்.

இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டையும் 'எவர்குவெஸ்ட்' கேமில் பார்க்கலாம். 1999-ல் வெளியான இந்த கேம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் தொடக்க காலத்தை அப்படியே மறுஉருவாக்கம் செய்த 'புராஜெக்ட் 1999' சர்வர், லாப நோக்கம் இல்லாதது. அதோடு 2015-ல் உரிமையாளரான டேபிரேக் நிறுவனமே எழுத்துப்பூர்வமாக உடன்பாடு செய்துகொண்டது. ரசிகர் சர்வர் உலகில் இது அபூர்வம்.

அதே டேபிரேக், அதே எவர்குவெஸ்டை வைத்து இயங்கிய 'தி ஹீரோஸ் ஜர்னி' என்ற சர்வர் மீது 2025 ஜூனில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்தது. பணம் கொடுத்தவர்களுக்கு கேமுக்குள் சலுகைகள் கிடைத்தன, தங்கள் வாடிக்கையாளர்கள் அங்கே போய்விட்டார்கள், வருமானம் குறைந்தது என்பது நிறுவனத்தின் வாதம். செப்டம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அசல் கேம் இன்னும் விற்பனையில் இருக்கும்போது இந்த வாதத்துக்கு எடை அதிகம். 'எங்கள் கடைக்கு எதிரிலேயே எங்கள் சரக்கை விற்கிறார்கள்' என்று காட்டிவிடலாம்.

2025 ஆகஸ்டில் பிளிஸார்டும் 'டர்டில் வாவ்' என்ற பெரிய ரசிகர் சர்வர் மீது வழக்குப் போட்டது. காப்புரிமை, டிஎம்சிஏ, வணிக முத்திரை மீறல் மட்டுமல்ல. மோசடிக் கும்பல்களுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட ரிக்கோ சட்டத்தையும் மனுவில் சேர்த்திருந்தது. இரண்டே மாத இடைவெளியில் இரண்டு பெரிய வழக்குகள் என்பது இந்த வட்டாரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே உலுக்கியது.

அப்படியானால் ஒரு பைசா வாங்காமல் நடத்தினால் பாதுகாப்பா? கிடையாது. பிநெட்-டியும் இலவசம்தான், நாஸ்டால்ரியஸும் லாபத்துக்காக நடத்தப்படவில்லை. காசு வாங்காதது அபராதத்தைக் குறைக்கலாம், நிறுவனம் கண்டும் காணாமல் விடக் காரணமாகலாம். 2013-ல் டிஸ்னி மூடிய 'டூன்டவுன்' கேமை ரசிகர்கள் கட்டணமோ விளம்பரமோ இல்லாமல் பல வருடங்களாக ஓட்டிவருவது அப்படித்தான். சட்டப்படியான உரிமை என்பது வேறு.

கைது வரை போன பென்குயின்

இதுவரை சொன்னவை பண விவகாரங்கள். பிரிட்டனில் போலீசே வந்தது.

'கிளப் பென்குயின்' 2005-ல் தொடங்கிய குழந்தைகளுக்கான கேம். 2007-ல் டிஸ்னி அதை 35 கோடி டாலருக்கு வாங்கியது, 2017 மார்ச்சில் மூடியது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நகல் சர்வர்களைத் தொடங்கினார்கள். அதில் பிரபலமான 'கிளப் பென்குயின் ரீரிட்டன்' 2022 ஏப்ரலில் திடீரென முடங்கியது. முகப்புப் பக்கத்தில் லண்டன் நகரப் போலீஸின் அறிவிப்பு. காப்புரிமை உள்ள பொருளை விநியோகித்த சந்தேகத்தில் மூன்று பேர் கைது செய்யப்பட்டிருந்தார்கள்.

டிஸ்னியின் கோபத்துக்குப் பின்னால் வேறொரு காரணமும் பேசப்பட்டது. 2020-ல் 'கிளப் பென்குயின் ஆன்லைன்' என்ற இன்னொரு நகல் சர்வரில் குழந்தைகள் மோசமான பேச்சுக்கு ஆளாவதை பிபிசி புலனாய்வு வெளிக்கொண்டு வந்தது. அதன் தொடர்ச்சியாக டிஸ்னி நோட்டீஸ் அனுப்பி மூடவைத்தது. அசல் கேமில் சம்பளம் வாங்கும் கண்காணிப்பாளர்கள் இருந்தார்கள். ரசிகர் சர்வரில் அந்த வேலையை யார் பார்ப்பது? குழந்தைகள் வரும் இடத்தை நடத்துபவருக்குக் காப்புரிமையைவிடப் பெரிய தலைவலி இதுதான். ரசிகர் தரப்பு இதைப் பற்றிப் பேசுவதே குறைவு.

டேட்டா விஷயமும் அப்படியே. ரீரிட்டன் சர்வரிலிருந்து 2018-ல் சுமார் 17 லட்சம் கணக்குகளின் விவரங்களும், 2019-ல் சுமார் 40 லட்சம் கணக்குகளின் விவரங்களும் கசிந்தன. ரசிகர் சர்வரில் கணக்கு தொடங்கும்போது ஜிமெயிலுக்கு வைத்திருக்கும் அதே பாஸ்வேர்டை அங்கேயும் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

தென் கொரியா இன்னும் கறார். கேமிங் அங்கே பெரிய தொழில். நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் சர்வர் நடத்துவதைத் தனிக் குற்றமாகவே 2017-ல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம் ஆக்கிவிட்டது. 5 ஆண்டுகள் வரை சிறை அல்லது 5 கோடி வோன் வரை அபராதம்.

யாரும் விற்காத கேமுக்கு எதற்கு உரிமை?

நியாயமான கேள்வி. சட்டத்தின் பதில் கசப்பானது. கைவிடப்பட்ட சாஃப்ட்வேர் என்ற வகையே காப்புரிமைச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் படைப்புக்கு வெளியானதிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு. 2004-ல் வந்த கேம் 2099 முடியும்வரை நிறுவனத்தின் சொத்து. நிறுவனம் அதை விற்றாலும் சரி, அலமாரியில் பூட்டி வைத்தாலும் சரி.

அருங்காட்சியகங்களுக்கு மட்டும் சிறிய கதவு திறந்திருக்கிறது. 2018-ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் தந்த விலக்கின்படி, மூடப்பட்ட ஆன்லைன் கேமை நூலகமோ அருங்காட்சியகமோ பாதுகாத்து இயக்கலாம். ஆனால் சர்வர் கோடு சட்டப்படி கைக்கு வந்திருக்க வேண்டும், அந்தக் கட்டடத்துக்குள் வைத்துத்தான் காட்ட வேண்டும். பழைய கேம்களை ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி கேட்ட கோரிக்கை 2024 அக்டோபரில் நிராகரிக்கப்பட்டது. வீட்டில் சர்வர் வைத்திருக்கும் ரசிகருக்கு இந்த விலக்கில் இடமே இல்லை.

இந்தியாவில் இப்படி சர்வர் வைத்தால்? 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு. இந்தக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. டிஜிட்டல் பூட்டை உடைப்பதற்கு 65-ஏ பிரிவில் தனியாக 2 ஆண்டுகள் வரை. அதே சட்டத்தின் 52-வது பிரிவு, தனியாக எழுதப்பட்ட ஒரு புரோகிராம் மற்றொன்றோடு இணைந்து இயங்கத் தேவையான ஆய்வை அனுமதிக்கிறது. 'எல்லாவற்றையும் நாங்களே எழுதினோம்' என்பவர்களுக்கு இது ஒரு பிடிமானம். கேமின் படங்களையும் இசையையும் சேர்த்து டவுன்லோடுக்கு வைத்தவருக்கு அதுவும் கிடையாது.

'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' ரசிகர்களின் 'எஸ்டபிள்யூஜி-எமு' குழு இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டது. சர்வர் கோடைச் சொந்தமாக எழுதினார்கள். கேமை அவர்கள் தருவதில்லை, அசல் டிஸ்க்கை வைத்திருப்பவர்கள் மட்டும் வரலாம் என்று விதி வைத்தார்கள்.

ஆறு வருட ரகசியம், கடைசியில் லைசென்ஸ்

இதற்கு நேர் எதிரான பாதையில் போய், எதிர்பாராத முடிவைத் தொட்டது 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்'. தென் கொரியாவின் என்சிசாஃப்ட் 2012 நவம்பர் 30-ம் தேதி இதன் சர்வரை மூடியது. ரசிகர்கள் போராடிப் பார்த்து ஓய்ந்தார்கள். 2019 ஏப்ரலில் ஒரு குண்டு விழுந்தது. ஒரு சிறிய குழு, சுமார் ஆறு வருடங்களாக யாருக்கும் தெரியாமல் அந்த கேமைத் தங்களுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தது அம்பலமானது. மற்ற ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 'இத்தனை வருடம் நாங்கள் ஏங்கியபோது நீங்கள் மட்டும் விளையாடினீர்களா?'

அழுத்தம் தாங்காமல் கோடு பொதுவெளிக்கு வந்தது. அதை வைத்து எழுந்ததுதான் 'ஹோம்கமிங்' சர்வர். கசிந்த கோடு என்பதால் சட்டப்படி நிற்க ஒரு அடி நிலம்கூட இல்லை. ஆனாலும் நடத்தியவர்கள் ஓடி ஒளியாமல் என்சிசாஃப்டிடம் போய்ப் பேசினார்கள். பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. 2024 ஜனவரியில், உலகமே வியக்க, என்சிசாஃப்ட் ஹோம்கமிங்குக்கு அதிகாரப்பூர்வ லைசென்ஸ் கொடுத்தது. அதே கோடை வைத்து இயங்கிய மற்ற சர்வர்களுக்கு அல்ல, ஹோம்கமிங்குக்கு மட்டும்.

நாஸ்டால்ரியஸ் கதையின் பின்பாதியும் சொல்லத்தக்கது. சர்வரை மீட்கக் கோரிய மனுவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். வார்கிராஃப்டின் முன்னாள் குழுத் தலைவர் மார்க் கெர்ன் அதைப் பிளிஸார்ட் தலைவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். சர்வர் நடத்திய குழுவையே அழைத்துப் பேசியது நிறுவனம். 2017 நவம்பரில் பழைய வடிவத்தைத் தானே மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்து, 2019 ஆகஸ்டில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்' என வெளியிட்டது. இப்படியொரு சந்தை இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தவர்கள் யாரோ, சந்தா வாங்கியவர்கள் யாரோ.

விளையாடுபவருக்கும் சிக்கலா?

இதுவரை பெரிய வழக்குகள் எல்லாம் சர்வர் நடத்தியவர்கள் மீதுதான். சும்மா விளையாடப் போனவரை நிறுவனங்கள் துரத்தவில்லை. அவர் இழப்பது நேரத்தையும், கொடுத்த நன்கொடையையும், சில சமயம் பாஸ்வேர்டையும். ஆனால் சர்வருக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் தப்பாது. நாஸ்டால்ரியஸுக்கு எதிரான நோட்டீஸில் அதன் ஹோஸ்டிங் நிறுவனமான ஓவிஹெச்-சின் பெயரும் இருந்தது. வாடகைக்கு விட்டவரை மிரட்டினால் குடியிருப்பவர் தானாகக் கிளம்பிவிடுவார் என்பது வக்கீல்களுக்குத் தெரியும்.

நிறுவனங்களை வேறு பக்கத்திலிருந்து நெருக்கும் முயற்சியும் நடக்கிறது. 2024 மார்ச் 31-ல் யுபிசாஃப்ட் தனது 'தி க்ரூ' கார் பந்தய கேமின் சர்வரை மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அதன் உரிமத்தை நீக்கவும் செய்தது. இதில் கிளம்பியதுதான் யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். கேமை மூடும் முன், அதை விளையாடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று சட்டம் கொண்டுவரக் கோரும் அவர்களது ஐரோப்பிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. அது சட்டமானால், ரசிகர்கள் திருட்டுத்தனமாகச் செய்வதை நிறுவனமே முறைப்படி ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

தனது அடுத்த க்ரூ கேம்களுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக யுபிசாஃப்ட் அறிவித்தது. மூடிய முதல் பாகத்துக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை. 2025 செப்டம்பரில் 'தி க்ரூ அன்லிமிடெட்' என்ற பெயரில் அதை மீண்டும் ஓடவைத்தவர்கள் ரசிகர்கள்தான். இதற்கு முன்னால் சர்வர் தொடங்கிய எல்லோரும் நின்ற அதே இடத்தில்தான் இப்போது அவர்களும் நிற்கிறார்கள்.